கொக்கெய்ன் பாவித்த தாயின் பிள்ளை: கிளினிக்கில் சொல்வதா, மறைப்பதா?

வாவிக்கரை (மட்டக்களப்பு)

எல்லோருக்கும் வணக்கம். எழுதுவதா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

என் சித்தியின் மகளுக்கு 24 வயது. கொழும்பில் ஒரு ஹோட்டலில் வேலை செய்தவள். கணவர் கட்டாரில், லீவில் வந்து போனவர். இப்போது அவளுக்கு நாலரை மாதம். போன மாதம் ஊருக்கு வந்தாள். ஒரு இரவு என் பக்கத்தில் படுத்திருந்தவள் அழுதுகொண்டே சொன்னாள்: வேலையிடத்துக் கூட்டாளிகளோடு சேர்ந்து சில சனிக்கிழமைகளில் கொக்கெய்ன் உறிஞ்சியிருக்கிறாள். கடைசியாகப் பாவித்தபோது பிள்ளை தங்கியிருப்பதே தெரியாதாம். தெரிந்த நாளிலிருந்து தொடவில்லை என்கிறாள். நான் நம்புகிறேன்.

இது எப்படியோ பெரியம்மாவின் காதில் விழுந்துவிட்டது. "மூளை சுகமில்லாத பிள்ளைதான் பிறக்கும், இப்போதே அழித்துவிடுங்கள்" என்று ஒரே பிடியாக நிற்கிறார். மாமா ஒருவர், "கிளினிக் பக்கமே போகாதே, பொலிஸுக்குத் தகவல் போய்விடும்" என்கிறார். இதனால் இன்றுவரை அவள் பதியவே இல்லை. வீட்டில் எல்லோரும் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு இருக்கிறோம்.

கேட்க வேண்டியது இரண்டுதான். பிள்ளைக்கு உண்மையில் என்ன நடக்கும்? மிட்வைஃபிடம் சொல்வதா, மறைப்பதா?

மரமுந்திரி (செங்கலடி)

மகள், நான் ஓய்வுபெற்ற தாதி. குறைமாதப் பிள்ளைகளின் பிரிவில்தான் என் காலம் போனது. அதில் ஆறு வருடம் லண்டனில். நம் ஊரில் ஐஸ் (மெத்தாம்பெட்டமைன்), ஹெரோயின் பாவித்த தாய்மாரின் பிள்ளைகளைக் கண்டிருக்கிறேன். கொக்கெய்ன் பிள்ளைகளை அங்கேதான் கண்டேன்.

நாளைக்கே அவளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பதியுங்கள். பிள்ளை தங்கி எட்டுக் கிழமைக்குள் பதிவதுதான் நல்லது, ஏற்கெனவே பிந்திவிட்டீர்கள். மற்றக் கதையெல்லாம் அதற்குப் பிறகு.

என்ன நடக்கும் என்று கேட்டீர்கள். கொக்கெய்ன் ரத்தக் குழாய்களை இறுக்கும், பிரெஷரை ஏற்றும். கர்ப்பப்பைக்குப் போகும் குழாயும் சுருங்கும். வயலுக்குப் போகிற வாய்க்காலில் மண்ணை வெட்டிப் போட்ட மாதிரி, நச்சுக்கொடிக்கு வருகிற ரத்தம் குறையும். பிள்ளைக்கு ஒட்சிசனும் சத்தும் குறைவாகப் போகும். அது போதாதென்று மருந்தே நச்சுக்கொடியைத் தாண்டிப் பிள்ளையின் உடம்புக்குள்ளும் போகும். அதனால்தான் குறைமாதப் பிரசவம், நிறைக்குறைவு, தலைச் சுற்றளவு சிறுத்துப் போவது எல்லாம். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2011இல் வெளிவந்த கணக்கில், பாவித்த தாய்மாருக்குக் குறைமாதத்தில் பிறக்கும் ஆபத்து மூன்று மடங்குக்கு மேல். பிறப்பு நிறை சராசரியாக 490 கிராம் அளவில் குறைவு. பச்சைப் பிள்ளையில் அரைக் கிலோ என்றால் என்ன என்று கையில் தூக்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். 2900 கிராம் இருக்க வேண்டிய பிள்ளை 2400இல் வந்து நிற்கும்.

லண்டனில் அப்படி ஒரு பிள்ளை, 34 கிழமையில் பிறந்தது. துணியை விலக்கினால் கை நடுங்கும், நாடி நடுங்கும். லைட்டைப் போட்டால் உடம்பு முழுக்கத் துள்ளும். அழுகை கத்தி மாதிரிக் கூராக இருக்கும். பாலுக்கு வாய் வைக்கும், இரண்டு உறிஞ்சு உறிஞ்சும், களைத்துப்போய் விட்டுவிடும். கையையும் காலையும் சேர்த்துச் சுற்றி, லைட்டைக் குறைத்து, நெஞ்சோடு வைத்திருந்தால்தான் அடங்கும். ஒரு இரவு முழுக்க அப்படி வைத்திருந்தேன். விடியும்போது என் சட்டைப் பொத்தானின் அடையாளம் அதன் கன்னத்தில் பதிந்திருந்தது.

அந்தத் தாய் பிரசவ வலி வரும் வரைக்கும் பாவித்தவள். உங்கள் தங்கை ஆரம்பத்திலேயே விட்டுவிட்டாள். இரண்டும் ஒன்றல்ல.

மருதமுனைக்காரன் (கல்முனை)

மிஸ் சொன்னதை எல்லோரும் இரண்டு தரம் வாசியுங்கள். நடுங்குகிற அந்தப் பிள்ளை என்ன பாவம் செய்தது?

நான் கொஞ்சம் கடுமையாகத்தான் எழுதுவேன், மன்னிக்க வேண்டும். என் தம்பியைக் குடுவுக்கு, அதாவது ஹெரோயினுக்குக் கொடுத்தவன் நான். முதலில் கஞ்சா, அப்புறம் பவுடர், கடைசியில் உம்மாவின் காது மாட்டல். "சின்ன வயசு, பேசினால் உடைந்துபோவான்" என்று வீட்டில் எல்லோரும் பொத்திப் பொத்தி வைத்தோம். 27 வயதில் அடக்கினோம்.

அதனால் சொல்கிறேன். பயம் இருக்க வேண்டும். இந்த நாட்டில் 2 கிராம் கொக்கெய்னோடு பிடிபட்டால் மரண தண்டனை வரைக்கும் போகலாம் என்று 1984இலேயே சட்டம் வந்தது. ஐஸுக்கு 5 கிராம் என்று 2022இல் வந்தது. அவ்வளவு பயங்கரமான பொருள் என்று அரசாங்கமே சொல்லும்போது, வயிற்றில் பிள்ளையோடு பாவிப்பவளுக்கு மட்டும் ஏன் இரக்கம்? கிளினிக்குக்கு வருகிற எல்லாத் தாய்மாருக்கும் சலப் பரிசோதனை செய்ய வேண்டும். பிடிபட்டால் அறிவிக்க வேண்டும். பிள்ளைக்குப் பேச வாயில்லை, யாராவது அதற்காகப் பேச வேண்டும்.

எழுவான் (வந்தாறுமூலை)

நானா, உங்கள் தம்பியின் கதை மனதைப் பிசைகிறது. ஆனால் நீங்கள் கேட்பதை ஏற்கெனவே ஒரு ஊரில் செய்து பார்த்துவிட்டார்கள். அதைச் சொல்ல விடுங்கள்.

அமெரிக்காவில் 1985இல் ஒரு மருத்துவச் சஞ்சிகையில் கட்டுரை வந்தது. கொக்கெய்ன் பாவித்த 23 தாய்மாரைப் பற்றியது, அவ்வளவுதான். பத்திரிகையும் தொலைக்காட்சியும் அதைப் பிடித்துக்கொண்டு "கிராக் பிள்ளைகள்" என்று பெயர் வைத்தன (கிராக் என்பது புகைக்கிற கொக்கெய்ன்). இந்தப் பிள்ளைகளுக்குப் படிப்பு வராது, அன்பு வராது, ஒரு தலைமுறையே நாசம் என்று எழுதினார்கள். வாவிக்கரை அக்காவின் பெரியம்மா சொல்வதும் அதே வசனம்தான், நாற்பது வருடம் பிந்தி நம் ஊருக்கு வந்திருக்கிறது.

பிலடெல்பியாவில் ஹாலம் ஹேர்ட் என்ற குழந்தை மருத்துவர் 1989 தொடக்கம் 1992 வரை பிறந்த 224 பிள்ளைகளைச் சேர்த்தார். பாதிப் பேரின் தாய்மார் கொக்கெய்ன் பாவித்தவர்கள், மீதிப் பேர் பாவிக்காதவர்கள், எல்லோரும் ஒரே மாதிரி வறுமைப்பட்ட குடும்பங்கள். ஏறக்குறைய 25 வருடம் பின்தொடர்ந்தார்கள். நாலு வயதில் நுண்ணறிவுப் புள்ளி பார்த்தபோது ஒரு பக்கம் 79, மற்றப் பக்கம் 81.9. இரண்டு பக்கமும் சராசரிக்குக் கீழே! வித்தியாசம் தாய் பாவித்ததில் இல்லை, பிள்ளை வளர்ந்த இடத்தில்தான் இருந்தது. ஏழு வயதுக்குள் அந்தப் பிள்ளைகளில் 81 வீதமானவர்கள் யாரையாவது கைது செய்வதைப் பார்த்திருந்தார்கள், 74 வீதமானவர்கள் துவக்குச் சத்தம் கேட்டிருந்தார்கள்.

90களில் இங்கே வளர்ந்தவர்களுக்கு அந்தக் கணக்கை நான் விளக்கத் தேவையில்லை.

2001இல் டெபோரா ஃபிராங்க் என்ற மருத்துவரும் கூட்டாளிகளும் அதுவரை வந்த ஆய்வுகளைச் சலித்து எடுத்தார்கள். புகை, மது, கஞ்சா, வீட்டுச் சூழல் இவற்றைக் கழித்துப் பார்த்தால், ஆறு வயதுக்குள் கொக்கெய்னால் மட்டும் வந்தது என்று உறுதியாகச் சொல்லக்கூடிய பெரிய பாதிப்பு இல்லை என்பதுதான் முடிவு. 2004இல் முப்பது ஆய்வாளர்கள் ஊடகங்களுக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார்கள், "கிராக் பிள்ளை" என்ற பெயரை விட்டுவிடுங்கள் என்று.

மருதமுனைக்காரன் (கல்முனை)

அப்போ பாவிக்கலாம் என்கிறீர்களா தம்பி? இதை வாசிக்கிற ஒரு பிள்ளை "ஒன்றும் ஆகாதாம்" என்று நினைத்தால் யார் பொறுப்பு?

மரமுந்திரி (செங்கலடி)

தம்பி எழுவான், நீ எழுதியதில் பிழை இல்லை, ஆனால் பாதிதான் எழுதியிருக்கிறாய். பிலடெல்பியாப் பிள்ளைகள் மாதம் நிறைந்து அல்லது கிட்டத்தட்ட நிறைந்து பிறந்தவர்கள். என் வாட்டுக்கு வந்த 28 கிழமைப் பிள்ளை அந்தக் கணக்குக்குள் இல்லை.

அதே அமெரிக்காவில், கிளீவ்லாந்தில் லின் சிங்கர் என்ற ஆய்வாளர் 415 பிள்ளைகளைப் பார்த்தார். 2002இல் வந்த முடிவின்படி, இரண்டு வயதில் வளர்ச்சி குறிப்பிடும்படி பிந்தியிருப்பது பாவித்த தாய்மாரின் பிள்ளைகளில் ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதை ஏன் விட்டாய்? கவனம் நிற்காமை, எடுத்ததற்கெல்லாம் குழம்புவது, இவையெல்லாம் பெரிய கோளாறாகத் தெரியாது. முப்பத்தைந்து பிள்ளைகள் இருக்கிற வகுப்பில் அந்தப் பிள்ளை பின் வாங்கில் போய்விடும், அவ்வளவுதான். அதைச் சின்ன விஷயம் என்று என்னால் சொல்ல முடியாது.

இன்னொன்று. நச்சுக்கொடி நேரத்துக்கு முந்திக் கழன்றுவிடும் ஆபத்தும் கொக்கெய்னில் கூட. திடீரென்று வயிறு பலகை மாதிரி இறுகும், வலி விடாது, ரத்தம் படும். சில நேரம் ரத்தம் வெளியே தெரியாமல் உள்ளேயே நிற்கும். தாயும் பிள்ளையும் இரண்டு பேருமே போய்விடலாம். எந்தக் கர்ப்பிணிக்கு இப்படி வந்தாலும் விடியட்டும் என்று பார்த்திருக்கக் கூடாது, உடனே ஆஸ்பத்திரி.

எழுவான் (வந்தாறுமூலை)

ஏற்றுக்கொள்கிறேன் மிஸ். "ஒன்றும் ஆகாது" என்ற அர்த்தம் என் எழுத்தில் வந்திருந்தால் அது என் பிழை.

ஆனால் அதே கிளீவ்லாந்துப் பிள்ளைகளை நாலு வயதில் திரும்பப் பார்த்தார்கள், 2004இல் வெளிவந்தது. சில குறிப்பிட்ட திறன்களில் குறை இருந்தது, மொத்த நுண்ணறிவுப் புள்ளியில் இல்லை. நல்ல வீட்டுச் சூழலில் வளர்ந்த பிள்ளைகள் மற்றப் பிள்ளைகளுக்குச் சமமாக நின்றார்கள். அப்படியென்றால் பிறந்த பிறகும் செய்ய நிறைய இருக்கிறது. பெரியம்மா சொல்கிற மாதிரி எழுதி மூடிய கணக்கு இல்லை இது.

நானாவுக்கு: சலப் பரிசோதனை, பொலிஸ். தென் கரோலினாவில் சார்ள்ஸ்டன் என்ற நகரத்து ஆஸ்பத்திரி ஒன்று 1989இல் அதைத்தான் தொடங்கியது. தாய்மாருக்குத் தெரியாமலே சலத்தைச் சோதித்து, கொக்கெய்ன் இருந்தால் பொலிஸுக்குக் கொடுத்தார்கள். 30 பேரைக் கைது செய்தார்கள், அதில் 29 பேர் கறுப்பினப் பெண்கள். சிலரைப் பிரசவம் முடிந்த கையோடு கொண்டுபோனார்கள். 2001இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றமே அது பிழை என்று தீர்த்தது. 2014இல் டென்னசியில் போதைப்பொருள் பாவித்த தாய்மாரைத் தண்டிக்கச் சட்டம் போட்டார்கள். பயத்தில் பெண்கள் கிளினிக்குக்கு வராமல் போனார்கள், 2016இல் சட்டம் காலாவதியானபோது நீடிக்கவில்லை. அதே 2014இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டி என்ன சொல்கிறது? ஒவ்வொரு கர்ப்பிணியிடமும் பாவனை பற்றிக் கேளுங்கள், சிகிச்சை கொடுங்கள், அது அவளுடைய சம்மதத்தோடு நடக்கட்டும்.

காற்றாடி (அக்கரைப்பற்று)

அஸ்ஸலாமு அலைக்கும். நான் இங்கே வாசிக்க மட்டும் வருகிறவள். இன்றைக்கு எழுதாமல் போனால் நித்திரை வராது.

நான் ஐஸ் பாவித்தேன். கொக்கெய்ன் வாங்குகிற காசு எங்களிடம் எங்கே. என் மாப்பிள்ளைதான் பழக்கினார், அதைச் சாட்டாகச் சொல்லவில்லை, கை என்னுடையதுதான். பிள்ளை தங்கியது 2023 கடைசியில். சரியாகப் போதைப்பொருளுக்கு எதிராகப் பொலிஸ் யுக்திய சுற்றிவளைப்பு நடத்திய நாட்கள். தெருவில் ஜீப் சத்தம் கேட்டால் பின்வாசலால் ராத்தா வீட்டுக்கு ஓடுவேன்.

ஒரே ஒரு தரம் கிளினிக்குக்குப் போனேன். எந்தக் கிளினிக் என்று சொல்ல மாட்டேன். என் பல்லையும் கையையும் பார்த்துவிட்டு ஒருவர், வாங்கில் இருந்த இருபது பேருக்கும் கேட்கும்படி, "இதுகளுக்கெல்லாம் பிள்ளை ஒரு கேடா" என்றார். கார்ட்டை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டு வந்தேன். அதன் பிறகு ஐந்து மாதம் எந்தக் கிளினிக்குக்கும் போகவில்லை. அந்த ஐந்து மாதமும் நான் நிற்பாட்டவும் இல்லை. மருதமுனை நானா, பயம் வேண்டும் என்கிறீர்கள். என்னிடம் பயம் கைநிறைய இருந்தது. பயம் வந்தால் இன்னும் ஒரு தரம் இழுப்பேன், அவ்வளவுதான் அது செய்தது.

ஏழாம் மாதம் எங்கள் பகுதி மிட்வைஃப் தானாக வீட்டுக்கு வந்தார். குசினிக்குள் வந்து நிலத்தில் என்னோடு இருந்து, "சாப்பிட்டியா" என்று கேட்டார். ஒன்றும் பேசாமல் பிரெஷர் பார்த்தார். மூன்றாம் தரம் வந்தபோது நானே சொன்னேன். அவர் டொக்டரிடம் தனியாகக் கதைத்தார், யாரும் என்னைப் பிடிக்க வரவில்லை.

மகன் 35 கிழமையில் பிறந்தான், 1 கிலோ 900. பதினெட்டு நாள் கண்ணாடிப் பெட்டிக்குள். இப்போது நடக்கிறான், ஓடுகிறான், கோழிக்குஞ்சைத் துரத்துகிறான். பேச்சு இன்னும் சரியாக வரவில்லை. அது ஐஸாலா, மாதம் குறைந்ததாலா, வீட்டுப் புகையாலா என்று டொக்டருக்கும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. மாதம் ஒரு தரம் பேச்சுப் பயிற்சிக்குக் கொண்டுபோகிறேன். எனக்கு அந்த ஐந்து மாதத்தை யாராவது திருப்பித் தர வேண்டும்.

வாவிக்கரை அக்கா, உங்கள் தங்கையைத் தனியாக அனுப்பாதீர்கள். கூடப் போங்கள்.

மருதமுனைக்காரன் (கல்முனை)

வஅலைக்குமுஸ்ஸலாம் தங்கச்சி. உங்கள் எழுத்தை உம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, எழும்பிப் போய் வுழூ செய்தார்.

வாங்கில் வைத்து அப்படிப் பேசியது பெரிய பிழை. அதை நான் நியாயப்படுத்த மாட்டேன். பொலிஸுக்கு அறிவிக்க வேண்டும் என்று எழுதியதையும் திரும்ப எடுக்கிறேன். ஆனால் எல்லாவற்றையும் எடுக்கவில்லை. உங்களுக்கு அதைக் கொடுத்த மாப்பிள்ளை எங்கே? விற்றவன் எங்கே? தாயைப் பற்றி இத்தனை ஆராய்ச்சி செய்கிறோம், அவர்களைப் பற்றி ஒரு வரி இல்லை. அந்த இடத்தில் என் கோபம் குறையாது.

எழுவான் (வந்தாறுமூலை)

அந்த இடத்தில் நானும் உங்களோடுதான் நானா.

வாவிக்கரை (மட்டக்களப்பு)

எல்லோருடைய எழுத்தையும் அவளுக்கு வாசித்துக் காட்டினேன். காற்றாடி தங்கச்சியின் பகுதியைத் தானே வாங்கி இன்னொரு தரம் வாசித்தாள்.

மிஸ், பெரியம்மா இன்னும் "அழி, அழி" என்றுதான் நிற்கிறார். அதற்கு என்ன பதில் சொல்ல? அப்புறம் இன்னொன்று. இதைச் சொல்லும்போது பெரியம்மாவின் வாய் நிறைய வெற்றிலையும் புகையிலையும். அவரும் ஆறு பிள்ளை பெற்றவர், ஆறுக்கும் புகையிலையை விடவில்லை. அதுவும் கேடுதானே?

மரமுந்திரி (செங்கலடி)

கேடுதான். வாய்ப் புகையிலையாலும் நிறை குறையும், மாதம் குறையும், பிள்ளை வயிற்றிலேயே இறப்பதும் கூடும். படுவான்கரையில் வேலை செய்த காலத்தில் இதைச் சொல்லிச் சொல்லியே என் தொண்டை வறண்டது. மதுவைப் பற்றியும் யாரும் கதைப்பதில்லை. வயிற்றுப் பிள்ளையின் மூளைக்குக் கசிப்பும் சாராயமும் செய்கிற கேடு கொக்கெய்னை விடத் தெளிவாக நிறுவப்பட்டது. ஆனால் மகள், பெரியம்மாவோடு இதை வைத்துச் சண்டை பிடிக்க வேண்டாம். பிள்ளை பிறந்தால் காய மருந்து இடித்துக் கொடுக்கப்போவது அவர்தான்.

அழிப்பது பற்றி: தாயின் உயிரைக் காப்பாற்ற மட்டும்தான் நம் நாட்டுச் சட்டம் இடம் கொடுக்கிறது. இவளுக்கு அப்படி ஒரு நிலை இல்லை. களவாகச் செய்யப்போய் உயிர் விட்டவர்களை நான் கண்டிருக்கிறேன். அந்தப் பேச்சை வீட்டில் நிற்பாட்டுங்கள். கொக்கெய்னால் உறுப்புக் குறையோடு பிறக்கும் என்று ஆரம்பத்தில் சொன்னார்கள், பிறகு வந்த ஆய்வுகள் அதை உறுதிப்படுத்தவில்லை. இவள் ஆரம்பத்திலேயே விட்டது பெரிய காரியம். எந்த மாதத்தில் விட்டாலும் பிள்ளைக்கு லாபம்.

டொக்டரிடம் ஏன் மறைக்கக் கூடாது என்றால், கொக்கெய்னால் ஏறுகிற பிரெஷரும் வலிப்பும் கர்ப்பகால உயர் பிரெஷர் மாதிரியே தோன்றும். தெரியாமல் மருந்து கொடுத்தால் பிழையாகிவிடும். இவள் திரும்பவும் தடுமாறினால் பாலிலும் அது போகும், பாவித்துக்கொண்டு பால் கொடுக்கக் கூடாது.

இதை வாசிக்கிற வேறு யாரும் ஹெரோயின் பாவித்துக்கொண்டு கர்ப்பமாக இருந்தால், பயத்தில் ஒரே நாளில் நிற்பாட்டாதீர்கள். கொக்கெய்னை உடனே விடலாம், விட வேண்டும். ஹெரோயின் அப்படியல்ல, திடீரென்று விட்டால் பிள்ளைக்கு ஆபத்து. வைத்தியரின் பார்வையில்தான் விட வேண்டும். பிள்ளைக்கும் பிறந்து ஒன்று இரண்டு நாளில், ஹெரோயின் நின்றுபோவதால் விடுபடு நோய் வரலாம், முன்பே தெரிந்தால் சமாளிக்கலாம். வெளியில் கேட்கக் கூச்சமாக இருந்தால் தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927க்கு எடுத்துக் கதையுங்கள்.

வாவிக்கரை (மட்டக்களப்பு)

செவ்வாய்க்கிழமை போய் வந்தோம். முதலில் நான் மட்டும் உள்ளே போய் மிட்வைஃபிடம் தனியாகக் கதைக்க வேண்டும் என்றேன். அறைக் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டார். கேட்டு முடிய, "எத்தனை கிழமையில் விட்டவ?" என்றார். அவ்வளவுதான். பிறகு அவளைக் கூப்பிட்டார். டொக்டருக்கு அவளே சொன்னாள், என் கையை நசுக்கிப் பிடித்துக்கொண்டு.

பிரெஷர் சரி. ரத்தம் கொஞ்சம் குறைவு, இரும்புச்சத்துக் குளிசையும் திரிபோஷா சத்துமாவும் தந்தார்கள். வளர்ச்சி சரியாகப் போகிறதா என்று இனி அடிக்கடி ஸ்கேன் பார்க்க வேண்டுமாம். வயிற்றில் கருவியை வைத்துப் பிள்ளையின் இதயத் துடிப்பைக் கேட்கவிட்டார்கள். பஸ்ஸில் வரும்போது அவள் விரலால் என் தொடையில் அந்தத் துடிப்பைத் தட்டிக்கொண்டே வந்தாள்.

பெரியம்மா வாசலில் நின்றார். "என்ன சொன்னாங்கள்?" என்று கேட்டார். ஒரு கையில் வெற்றிலைத் தட்டம், மற்றக் கையில் முருங்கையிலைக் கட்டு.

மருதமுனைக்காரன் (கல்முனை)

அல்ஹம்துலில்லாஹ். அடுத்த ஸ்கேன் எப்போது தங்கச்சி? நிறை எவ்வளவு என்று சொன்னால் இங்கே எழுதுங்கள், உம்மா கேட்கிறார்.